மோட்டார் காருக்கும் ஒரு "வைத்திய நூல்"!

காரைச் செய்தவர்களே எழுதிய புத்தகம்: எங்கே கிடைக்கும்? எப்படிப் படிப்பது?

காஞ்சீபுரம் என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, கோவில். மற்றொன்று, பட்டு.

இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது. அதுதான் மோட்டார் கார்!

காஞ்சீபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை இருக்கிறது. 1998-ம் ஆண்டு முதல் அங்கே கார்கள் தயாராகின்றன. அதே மாவட்டத்தில் உள்ள ஒரகடத்தில் ரெனோ, நிஸ்ஸான் கம்பெனிகள் சேர்ந்து 2010-ம் ஆண்டில் மற்றொரு தொழிற்சாலையைத் தொடங்கின. தறிச் சத்தம் கேட்ட மாவட்டத்தில் இப்போது என்ஜின் சத்தமும் கேட்கிறது.

பட்டுச் சேலை வாங்கினால், கட்டி மகிழ்ந்து, மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம். கார் அப்படி அல்ல. வாங்கிய நாளிலிருந்தே அதற்குக் கவனிப்பு வேண்டும். ஆயில் மாற்றவேண்டும். பிரேக் பார்க்கவேண்டும். பெல்ட் தேய்ந்துவிட்டதா என்று கவனிக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் செலவு!

இந்த வேலைகளில் சிலவற்றை வீட்டிலேயே செய்துகொள்ள முடியாதா?

முடியும். அதற்கென்றே ஒரு புத்தகம் இருக்கிறது. காரைச் செய்த கம்பெனியே எழுதிய புத்தகம். அப்படி ஒன்று இருப்பது கார் வைத்திருக்கும் பலருக்கே தெரியாது.

இரண்டு புத்தகங்கள்

ஒவ்வொரு காருக்கும் இரண்டு புத்தகங்கள் உண்டு.

முதல் புத்தகம், கார் வாங்கும்போதே கூடவே வரும். டாஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கும். காரை எப்படி ஓட்டுவது, டயருக்கு எவ்வளவு காற்று அடிப்பது, எந்த ஆயில் ஊற்றுவது, எந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள் என்பன போன்ற விவரங்கள் அதில் இருக்கும். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்!

இரண்டாவது புத்தகம் வேறு. அதற்கு 'சர்வீஸ் மானுவல்' என்றும், 'ஒர்க்ஷாப் மானுவல்' என்றும் பெயர். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பெரிய புத்தகம். இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே படிக்கும்படி வருகிறது. இது காருடன் கொடுக்கப்படுவதில்லை. கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்காகத் தயாரிக்கப்படுவது.

காரின் ஒவ்வொரு பாகத்தையும் எப்படிக் கழற்றுவது, எப்படிச் சோதிப்பது, எப்படித் திரும்பப் பூட்டுவது என்று அதில் படத்துடன் எழுதியிருக்கும். எந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்கவேண்டும் என்ற கணக்குகூட இருக்கும்.

முதல் புத்தகம், உடம்பைப் பேணிக்கொள்ளச் சொல்லும் நூல். இரண்டாவது, டாக்டர் படிக்கும் வைத்திய நூல்.

எண்ணெயா, கிரீஸா?

அந்த வைத்திய நூலில் ஒரு வரியைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும்? உயிருக்கே ஆபத்து வரலாம். இதற்கு நம் ஊர்க் கார் ஒன்றே சாட்சி.

சென்னையை அடுத்த பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் 'ஸ்டாண்டர்டு மோட்டார்' கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அந்நாளில் பெருங்களத்தூரும் காஞ்சீபுரமும் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அந்தத் தொழிற்சாலையிலிருந்து 1961-ம் ஆண்டில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் வெளிவந்தது. இங்கிலாந்தில் 1959-ம் ஆண்டு வந்த 'டிரயம்ப் ஹெரால்டு' காரின் உடன்பிறப்பு அது.

ஹெரால்டு ஒரு விசித்திரமான கார். மற்ற கார்களில் என்ஜினுக்கு மேலே உள்ள மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டிலோ மூடியும், இரண்டு பக்கத்து மட்கார்டுகளும் சேர்ந்து அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். என்ஜின், முன் சக்கரங்கள், ஸ்டியரிங் எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரியும். வீட்டிலேயே ரிப்பேர் செய்ய விரும்புகிறவர்களுக்கு அவ்வளவு வசதி!

இந்தக் காரின் முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். அந்தக் கட்டைக்கு 'ட்ரன்னியன்' என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை கட்டைக்குள் திரும்பும். ஆகவே அங்கே வழவழப்பு இருந்தே தீரவேண்டும்.

சாதாரணமாக மெக்கானிக்குகள் என்ன செய்வார்கள்? கையில் கிரீஸ் கன் இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றியுள்ள மற்ற இடங்களுக்குக் கிரீஸ் அடிப்பார்கள். கையோடு கையாக இந்த இடத்துக்கும் கிரீஸ் அடித்துவிடுவார்கள்.

அதுதான் தவறு!

கம்பெனியின் புத்தகம் இந்த ஓர் இடத்துக்கு மட்டும் கிரீஸ் சொல்லவில்லை. பின் ஆக்சிலுக்கு ஊற்றும் கெட்டியான கியர் எண்ணெயைத்தான் போடச் சொல்கிறது. கிரீஸ் கன்னிலேயே கிரீசுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி அடிக்கவேண்டும்.

ஏன்? கிரீஸ் கெட்டியானது. மரையின் உள்வரிகளுக்குள் நன்றாகப் பரவாது. ஆங்காங்கே காய்ந்த இடம் இருந்துவிடும். மழைத் தண்ணீர் உள்ளே புகும். மரை தேயும், துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் வளைவில் திரும்பும்போது தண்டு ஒடியும். சக்கரம் மடங்கிக் கார் தரையில் உட்கார்ந்துவிடும். கார் வேகமாகப் போய்க்கொண்டிருந்தால், உள்ளே இருப்பவர்கள் கதி என்ன?

எண்ணெய் என்ற ஒரே ஒரு வார்த்தை. அதைப் படித்தவர் வண்டி ஓடியது. படிக்காதவர் வண்டி ஒடிந்தது!

ஸ்டாண்டர்டு கம்பெனி 1988-ம் ஆண்டுக்குப் பிறகு கார் செய்யவில்லை. ஹெரால்டு கார்களை இன்றும் ஆசையோடு காப்பாற்றி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்குக் கம்பெனி இல்லை. அவர்களுக்குத் துணையாக நிற்பது அந்தப் பழைய புத்தகம்தான். மறைமலைநகரில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையிலும் 2022-ம் ஆண்டில் கார் உற்பத்தி நின்றது. கம்பெனிகள் வரலாம், போகலாம். கார் நம்மிடம் இருக்கும்வரை அதன் புத்தகமும் வேண்டும்.

தறி அட்டை போல

"நம் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தொட்டுக் கற்றுக்கொள்ளும் தொழிலைப் புத்தகத்தில் எழுத முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள்.

காஞ்சீபுரத்து நெசவாளர்களுக்கு இதில் சந்தேகமே வராது!

ஜக்கார்டு தறியின் மேலே துளையிட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 1804-ம் ஆண்டு வாக்கில் கண்டுபிடித்த முறை அது. டிசைன் போடுகிறவர், மயிலையோ மாங்காயையோ கட்டம் போட்ட தாளில் வரைகிறார். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுகிறார்கள். எந்தப் பாவு நூல் மேலே எழவேண்டும், எது கீழே நிற்கவேண்டும் என்பதை அந்தத் துளைகள் சொல்கின்றன.

டிசைன் போட்டவர் பக்கத்தில் இல்லை. ஆனாலும் நெசவாளர் தறியில் உட்கார்ந்து அதே மயிலை நெய்துவிடுகிறார். அட்டை ஒன்று இடம் மாறினால் போச்சு! மயிலின் கழுத்து ஒடிந்து நிற்கும்.

சர்வீஸ் மானுவலும் இப்படித்தான். காரை வரைந்தவர் ஜப்பானிலோ கொரியாவிலோ இருக்கலாம். அவருடைய அறிவு, எழுத்தாகவும் படமாகவும் கணக்காகவும் நம் கைக்கு வந்து சேருகிறது. வரிசை மாறாமல் செய்தால் வேலை சரியாக முடியும்.

புத்தகம் இல்லாமலே கற்றவர்களும் உண்டு. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதை அக்கக்காகக் கழற்றி மறுபடியும் பூட்டினார். அப்படித்தான் தொழிலைக் கற்றார். ஆனால் எல்லோரும் ஜி.டி. நாயுடு ஆகிவிட முடியாது. அந்நாளைய மோட்டார் சைக்கிளைப்போல இந்நாளையக் காரும் எளிமையானது அல்ல.

சிலோனில் பிறந்தவர் செய்த புரட்சி

காரோடு புத்தகமும் கொடுப்பது பழைய வழக்கம்தான்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-ம் ஆண்டு முதல் 1927-ம் ஆண்டு வரை 'மாடல் டி' என்ற காரை விற்றார். மொத்தம் 1½ கோடி கார்கள்! வாங்கியவர்களில் ஏராளமானோர் விவசாயிகள். மெக்கானிக் பக்கத்தில் கிடைக்கமாட்டார். ஆகவே ஃபோர்டு கம்பெனி ஒரு புத்தகம் போட்டது. கேள்வியும் பதிலுமாகவே அது அமைந்திருந்தது. படிக்கத் தெரிந்த எவரும் புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது உலக யுத்தத்தில் ஜீப் வந்தது. கிராமத்துப் பையன்கள் பட்டாளத்தில் சேர்ந்து ஜீப் ஓட்டினார்கள். அவர்களுக்காக அமெரிக்க ராணுவம் படங்கள் நிறைந்த மானுவல்களை அச்சிட்டது. 1951-ம் ஆண்டில் இன்னும் ஒரு படி மேலே போய், வண்டிப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதப் பத்திரிகையையே தொடங்கியது. அதில் பாடம் எல்லாம் படக்கதையாக இருக்கும்! வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற படக்கதை ஓவியர் அதற்குப் படம் போட்டார்.

ஆனால் வீட்டுக்காரரையே மனதில் வைத்துப் புத்தகம் போட்டுப் பெயர் பெற்றவர் ஜான் ஹேன்ஸ். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? சிலோனில்! 1938-ம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தை அங்கே தேயிலைத் தோட்ட மானேஜர்.

ஹேன்ஸ் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து ஏடனில் வேலை பார்த்தார். நண்பர் ஒருவர் பழைய 'ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்' கார் வாங்கியிருந்தார். அதைச் சரிசெய்ய இருவரும் முயன்றார்கள். கம்பெனியின் மானுவலைப் புரட்டினார்கள். அது தேர்ந்த மெக்கானிக்குகளுக்காக எழுதப்பட்டது, வீட்டுக்காரருக்கு உதவவில்லை. உடனே ஹேன்ஸ் ஒரு காரியம் செய்தார். என்ஜினைக் கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்தார். அந்தப் படங்களோடு 1966-ம் ஆண்டில் தம் முதல் மானுவலை வெளியிட்டார். அச்சடித்த 3,000 பிரதிகளும் மூன்றே மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன!

ஆகவே, புத்தகத்தைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கம்பெனி மானுவல் ஒன்று. வீட்டுக்காரருக்கான மானுவல் மற்றொன்று. இரண்டும் கிடைத்தால் மிகவும் நல்லது. கணக்குக்கு முதலாவது. புரிந்துகொள்ள இரண்டாவது.

எங்கே கிடைக்கும்?

பழைய காராக இருந்தால், பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். முன்பு சென்னையில் மூர் மார்க்கெட் இருந்தது. கிடைக்காத பழைய புத்தகம் அங்கே கிடைக்கும் என்பார்கள். 1985-ம் ஆண்டு மே மாதம் அது தீயில் அழிந்துவிட்டது. இப்போது பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கங்கள் இந்த விஷயத்தில் பெரிய உதவி. ஒருவரிடம் இருக்கும் புத்தகம் இன்னொருவருக்குப் பயன்படுகிறது. பழைய கார்ச் சாமான்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையிலும் விசாரித்துப் பார்க்கலாம்.

புதிய கார் என்றால் முதலில் கம்பெனியையே கேட்கவேண்டும். சில வெளிநாடுகளில் கம்பெனிகள் தங்கள் மானுவல்களைக் கட்டணத்துக்குப் படிக்கக் கொடுக்கின்றன. ஒரு நாளைக்கு இவ்வளவு, ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் கம்ப்யூட்டரில் படித்துக்கொள்ளலாம்.

அவர்களாக மனமுவந்து கொடுத்துவிடவில்லை. சட்டம் வந்தது! ஐரோப்பாவில் 2007-ம் ஆண்டுச் சட்டம், ரிப்பேர் விவரங்களை வெளி ஒர்க்ஷாப்புகளுக்கும் கொடுக்கவேண்டும் என்றது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ம் ஆண்டில் ஓட்டுப்போட்டே இந்த உரிமையைப் பெற்றார்கள்.

2,545 கோடி ரூபாய் அபராதம்!

நம் நாட்டிலும் இந்த விஷயம் வழக்காக வந்தது.

"கார்க் கம்பெனிகள் உதிரிப் பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும், மானுவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே கார் வாங்கியவர்கள் கம்பெனி ஒர்க்ஷாப்புக்கே போகவேண்டியிருக்கிறது. கேட்ட பணத்தைக் கொடுக்கவேண்டியிருக்கிறது" என்பது புகார். 2011-ம் ஆண்டில் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் இந்தப் புகார் வந்தது.

ஆணையம் விசாரித்தது. 2014-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உத்தரவு பிறப்பித்தது. 14 கார்க் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம்! உதிரிப் பாகங்களும், கருவிகளும், தேவையான விவரங்களும் வெளியார்க்கும் கிடைக்க ஏற்பாடு செய்யும்படியும் ஆணையம் கூறியது. கம்பெனிகள் இதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குச் சென்றன.

2022-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. செல்போன், வீட்டுச் சாதனங்கள், விவசாயக் கருவிகள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களும் அதில் சேர்க்கப்பட்டன.

இது கார்க்காரர்களின் பிரச்சினை மட்டும் அல்ல. தெருவோரத்தில் சிறிய ஒர்க்ஷாப் வைத்துக் குடும்பம் நடத்தும் மெக்கானிக்கின் பிரச்சினையும் ஆகும். அவருக்குத் திறமை இருக்கிறது. கை இருக்கிறது. புத்தகம் இல்லாவிட்டால், புது மாடல் கார் வரும்போது அவர் என்ன செய்வார்? வந்த வேலையைத் திருப்பி அனுப்பவேண்டியதுதான்.

இன்னொரு குறையும் உண்டு. கம்பெனி மானுவல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால், அப்பாவுக்கு வாசித்துச் சொல்லலாமே! பிள்ளைக்கும் பாடம்; அப்பாவுக்கும் லாபம்.

எப்படிப் படிப்பது?

புத்தகம் கையில் கிடைத்துவிட்டது. அடுத்து என்ன?

1. உங்கள் காருக்கு உரியதுதானா என்று பாருங்கள். ஒரே பெயரில் வந்த கார் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கும். வெளிநாட்டில் விற்ற காருக்கும் இங்கே விற்ற காருக்கும் வித்தியாசம் இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் உண்டு. இக்காலச் சேஸிஸ் நம்பரில் எழுத்தும் எண்ணுமாக 17 இருக்கும். மாடலையும் ஆண்டையும் அதை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. ஸ்பானரைத் தொடுமுன் முழுப் பாடத்தையும் படியுங்கள். பாதி கழற்றிய பிறகு, "இதற்குச் சிறப்புக் கருவி வேண்டும்" என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தால் திண்டாட்டம்தான். 'சிறப்புக் கருவி' என்ற சொல்லைப் பார்த்தால் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

3. புதிதாக வாங்கவேண்டியதை முன்பே வாங்கி வையுங்கள். கேஸ்கட், ஸ்பிளிட் பின் போன்றவற்றைக் கழற்றினால் மறுபடி போடக்கூடாது.

4. படத்தில் உள்ள வரிசைப்படி கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யவேண்டும். நட்டு, போல்ட்டுகளைப் பிரித்து வைக்கப் பழைய இட்லித் தட்டு மிகவும் வசதி. ஒரு குழிக்கு ஒரு பாகம்! (அந்தத் தட்டை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகக்கூடாது.)

5. இறுக்கும் கணக்கைக் கவனியுங்கள். இதற்கு 'டார்க் ரென்ச்' என்ற ஸ்பானர் உண்டு. எவ்வளவு பலத்தோடு இறுக்குகிறோம் என்பதை அது காட்டும். என்ஜின் தலையை மூடும் போல்ட்டுகளைச் சாதாரணமாக நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொல்லியிருக்கும். பாவு ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தளர்ந்தால் துணி கோணலாகும் அல்லவா? அதேபோல இங்கேயும் இழுப்பு சமமாக இல்லாவிட்டால் என்ஜின் தலை கோணிப்போகும்.

6. அளவு மாறிவிடக் கூடாது. பழைய ஆங்கிலப் புத்தகத்தில் 'பவுண்டு - அடி' கணக்கு இருக்கும். சிலவற்றில் 'கிலோ - மீட்டர்' கணக்கு. இக்காலத்தில் 'நியூட்டன் - மீட்டர்'. 1 கிலோ - மீட்டர் இறுக்கம் என்பது சுமார் 7¼ பவுண்டு - அடிக்குச் சமம், சுமார் 9.8 நியூட்டன் - மீட்டருக்குச் சமம். 98 நியூட்டன் - மீட்டர் என்பதை 98 பவுண்டு - அடி என்று நினைத்து இறுக்கினால், மூன்றில் ஒரு பங்கு அதிகமாகிவிடும். போல்ட்டின் மரை போய்விடும். அல்லது போல்ட்டே ஒடியும்.

7. இடைவெளியைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பழைய ஹெரால்டு காரில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி அங்குலத்தில் 100-ல் ஒரு பங்குதான். ஹேக்சா பிளேடை நுழைத்துப் பார்த்து அளவு வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதற்கென்று 'ஃபீலர் கேஜ்' விற்கிறது. விலையும் அதிகம் இல்லை.

ஓர் எளிய உதாரணம். ஸ்பார்க் பிளக் ஒயர்களைக் கழற்றி மாட்டிய பிறகு கார் இருமுகிறது, உதறுகிறது. என்ன கோளாறு? ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம். அம்பாசிடர், பழைய பியட், ஹெரால்டு ஆகிய நான்கு சிலிண்டர் கார்களில் எரியும் வரிசை 1, 3, 4, 2. மூன்று சிலிண்டர் உள்ள மாருதி 800-ல் 1, 3, 2. புத்தகத்தில் ஒரே வரி. அதைப் பார்த்து ஒயரை மாற்றி மாட்டினால், பைசா செலவில்லாமல் கார் சரியாகிவிடும்!

கம்ப்யூட்டர் இருந்தாலும் புத்தகம் வேண்டும்

"இப்போதுதான் காருக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்கிறதே! கோளாறை அதுவே சொல்லிவிடாதா?" என்று கேட்கலாம்.

சொல்லும். ஆனால் பாதிதான் சொல்லும்.

அமெரிக்காவில் 1996-ம் ஆண்டு மாடல் முதல் கார்களில் கோளாறு காட்டும் பொதுவான கம்ப்யூட்டர் முறை கட்டாயம் ஆயிற்று. இந்தியாவில் 2010-ம் ஆண்டுக்குப் பிறகு படிப்படியாக வந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள ஒரு துளையில் சிறிய கருவியைச் சொருகினால் ஒரு நம்பர் தெரியும். 'பி 0301' என்று வந்தால், முதலாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள்.

ஏன் எரியவில்லை? பிளக் கெட்டதா? காயில் கெட்டதா? பெட்ரோல் வரவில்லையா? அதை அந்த நம்பர் சொல்லாது. "காய்ச்சல் அடிக்கிறது" என்று தெர்மாமீட்டர் சொல்லும். என்ன காய்ச்சல் என்று சொல்லுமா? முதலில் எதைச் சோதிப்பது, அடுத்து எதைச் சோதிப்பது என்று வரிசையாகச் சொல்வது மானுவல்தான். அதைப் பார்க்காமல் ஒவ்வொரு பாகமாகப் புதிது வாங்கி மாட்டினால், பணம்தான் கரையும்.

எதில் கை வைக்கக்கூடாது?

புத்தகம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றிலும் கை வைத்துவிடக் கூடாது.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கி சரிந்தால் பிழைப்பது கஷ்டம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகே அடியில் போகவேண்டும்.

ஸ்டியரிங்குக்குள் இருக்கும் காற்றுப்பை விபத்தில் உயிரைக் காப்பது. தவறாகக் கழற்றினால் அது வெடித்துக் காயப்படுத்தும். ஏ.சி. காஸ் நிரம்பிய குழாய்களையும் கழற்றக் கூடாது. எலக்ட்ரிக் கார், ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த ஒயர்கள் இருக்கும். அவற்றில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் ஓடுகிறது. பயிற்சி பெற்றவர் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

பிரேக், ஸ்டியரிங் இரண்டும் தெரிந்தவரிடமே விடவேண்டியவை. தெருவில் நடக்கும் மற்றவர்களின் உயிரும் அதில் இருக்கிறது.

பிறகு வீட்டில் என்னதான் செய்யலாம்? ஆயில், ஆயில் பில்டர், காற்று பில்டர், பிளக், வைப்பர், பல்பு, பியூஸ் இவற்றை மாற்றலாம். பாட்டரி முனைகளைச் சுத்தம் செய்யலாம். பெல்ட்டையும், ரேடியேட்டர் குழாயையும் சோதிக்கலாம். கார் புதிதாக இருந்தால், வாரண்டி விதிகளை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

பெரிய வேலைகளைச் செய்யாவிட்டாலும், புத்தகத்தைப் படித்தவருக்கு ஒரு லாபம் உண்டு. "இது போய்விட்டது, அது போய்விட்டது" என்று யாராவது சொன்னால், "எப்படிச் சோதித்தீர்கள்?" என்று அவர் கேட்கலாம். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

இரண்டுக்கும் ஒரே பூஜை

நம் நாட்டில் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் ஒரே நாளில் வருகின்றன. வீட்டில் புத்தகத்துக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். ஒர்க்ஷாப்பில் ஸ்பானருக்கும் வைக்கிறோம். காஞ்சீபுரத்தில் தறிக்கும் வைக்கிறார்கள்.

புத்தகமும் ஸ்பானரும் அந்த ஒரு நாள் மட்டும் சேர்ந்திருந்தால் போதாது. ஆண்டு முழுவதும் சேர்ந்தே இருக்கவேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, முதல் புத்தகத்தின் உறையைப் பிரித்து, பத்துப் பக்கம் படியுங்கள். இரண்டாவது புத்தகத்தைத் தேடுவதற்கு அதுவே முதல் படி!